முதன்மைப் பாடம் இல்லாமலும் பட்டம் உண்டு!

(கல்வி வழிகாட்டிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



ஒரு பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "என்ன மேஜர்?" என்பதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொன்னால் அவனுக்கு ஒரு மரியாதை. வணிகவியல் என்றால் பரவாயில்லை என்று ஒரு தலையசைப்பு. வரலாறு என்று சொல்லிவிட்டாலோ ஓர் அனுதாபப் பார்வை! 17 வயதில் விண்ணப்பப் படிவத்தில் எழுதிய ஒரு சொல், அவன் ஆயுள் முழுவதும் அவனோடு கூடவே நடந்து வருகிறது.

அந்தப் பாடம் அவனுக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? தந்தை நோயில் விழுந்து, கடையைக் கவனிக்க வேண்டிய நிலை வந்தால்? இரண்டாம் ஆண்டில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் முடிந்து, வேறு ஊருக்குப் போய்விட்டால்? படித்த இரண்டு ஆண்டுக்கும் ஊரில் ஒரே பெயர்தான். "படிப்பை பாதியில் விட்டது!" அவ்வளவுதான். அந்த இரண்டு ஆண்டில் தேறிய தாள்கள் எங்கே போயின? அதைக் கேட்பார் யாரும் இல்லை.

இன்னொரு நிகழ்வையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் கையில் ஒரு கோப்போடு என்னைத் தேடி வந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிளஸ் டூ எழுதவில்லை. பிறகு முப்பது வயதைத் தாண்டி, திறந்தநிலைக் கல்வியில் சேர்ந்து, இரவெல்லாம் கண்விழித்துப் படித்துப் பட்டம் வாங்கிவிட்டார். சேரும்போது படிப்பு மையத்தில் இருந்தவர், "பட்டம்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லியிருக்கிறார். அரசுப் பணிக்கு விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். "நான் படித்தது பொய்யா?" என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் படித்தது பொய்யல்ல. ஆனால் எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். எந்த ஒரு பாடத்தையும் மேஜர் என்று அறிவிக்காமல், பல துறைப் பாடங்களைத் தன் தேவைக்கேற்பச் சேர்த்துப் பட்டம் பெறும் வழி உலகில் இருக்கிறது. அது எப்படிப் பிறந்தது, எப்படி இயங்குகிறது, எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மேஜர் எப்படி வந்தது?

மேஜர் என்பது ஆதியிலிருந்தே வந்தது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கல்லூரிகளில் எல்லா மாணவருக்கும் ஏறத்தாழ ஒரே பாடத்திட்டம்தான். லத்தீன், கிரேக்கம், கணிதம், தத்துவம் என்று அனைவரும் ஒன்றாகவே படித்தார்கள். இதைத்தான் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்றார்கள். அடிமையாக இல்லாத சுதந்திர மனிதன் கற்க வேண்டிய கலைகள் என்பது அதன் பழைய பொருள். ஒரு தொழிலுக்கு மட்டும் ஆளைத் தயாரிக்காமல், சிந்திக்கத் தெரிந்த மனிதனை உருவாக்கும் கல்வி!

1869ஆம் ஆண்டு சார்லஸ் எலியட் என்பவர் ஹார்வர்டின் தலைவரானார். நாற்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். மாணவன் விரும்பியதைப் படிக்கட்டும் என்றார். விளைவு என்ன? அக்கறையுள்ள மாணவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மற்றவர்களோ எந்தப் பாடம் சுலபம், எந்த வகுப்பு காலையில் தாமதமாகத் தொடங்கும் என்று பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தார்கள். நான்கு ஆண்டு முடிவில் எதிலும் ஆழம் இல்லை என்ற குறை எழுந்தது.

1909இல் எலியட்டுக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல் கடிவாளம் போட்டார். ஒரு துறையில் ஆழமாகப் படி, மற்றத் துறைகளில் பரவலாகப் படி என்று விதித்தார். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் காணும் மேஜர் முறை உறுதிப்பட்ட கதை இதுதான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கவனியுங்கள்! சுதந்திரம் தவறு என்று யாரும் நிரூபிக்கவில்லை. திட்டமில்லாத சுதந்திரம் வீணாகும் என்பதுதான் நிரூபணமானது. இந்தக் கருத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கு மீண்டும் வருவோம்.

சுரங்கத் தொழிலாளியின் மகள்

இனி பிரிட்டனுக்கு வாருங்கள். 1960களில் அந்த நாட்டில் பல்கலைக்கழகம் என்பது ஒரு சிறு கூட்டத்தின் சொத்தாகவே இருந்தது. 18 வயதில் உள்ளே நுழையாதவனுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்கவே திறக்காது. தொழிற்சாலைத் தொழிலாளி, பேருந்து ஓட்டுநர், குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த தாய் இவர்களுக்கெல்லாம் பட்டம் என்பது எட்டாக் கனி.

1963ஆம் ஆண்டு, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹரால்டு வில்சன் கிளாஸ்கோ நகரில் ஒரு யோசனையைச் சொன்னார். வானொலி, தொலைக்காட்சி வழியாக வீட்டுக்கே வரும் பல்கலைக்கழகம்! அடுத்த ஆண்டு அவர் பிரதமரானார். அந்த யோசனையைச் செயலாக்கும் பொறுப்பை 1965இல் ஜென்னி லீ என்ற அமைச்சரிடம் ஒப்படைத்தார்.

யார் இந்த ஜென்னி லீ? ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். 1929இல், 24 வயதில், நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். சுரங்கத் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் வரை போய் வந்தவருக்கு, போக முடியாதவர்களின் ஏக்கம் தெரியாதா?

அவரிடம் பலர் சமரசம் பேசினார்கள். "தொழிலாளிகளுக்குத்தானே, ஒரு சின்னச் சான்றிதழ் போதாதா?" என்பது அவர்களின் எண்ணம். ஜென்னி லீ அசைந்து கொடுக்கவில்லை. கொடுத்தால் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குச் சமமான பட்டம். இரண்டாந்தரச் சரக்கு வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக நின்றார். ஏழைக்குக் கொடுப்பது என்றால் மட்டமானது போதும் என்ற மனப்பான்மை எல்லா நாட்டிலும் இருக்கிறது. அதை எதிர்த்து நின்றதுதான் அந்த அம்மையாரின் பெருமை.

1969 ஏப்ரல் 23 அன்று அரச சாசனம் கிடைத்தது. 'ஓபன் யுனிவர்சிட்டி', அதாவது திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் தலைமையகம் அமைந்தது. ஆபத்து அதோடு நீங்கவில்லை. 1970இல் ஆட்சி மாறியது. புதிதாக வந்த கன்சர்வேடிவ் கட்சியில் இந்தத் திட்டமே வெறும் பிதற்றல் என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கல்வி அமைச்சராக வந்த மார்கரெட் தாட்சர் அதை மூடவில்லை, நடக்க விட்டார். 1971 ஜனவரியில் சுமார் 25,000 பேர் படிக்கத் தொடங்கினார்கள். இன்றுவரை அங்கே படித்தவர்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பட்டம் எப்படிச் சேர்கிறது?

நம் தலைப்புக்கு உயிரான இடம் இதுதான். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது கொடுத்த பட்டம் ஒன்றே ஒன்றுதான். பி.ஏ.! கணிதம் படித்தாலும் பி.ஏ., வேதியியல் படித்தாலும் பி.ஏ., இலக்கியம் படித்தாலும் பி.ஏ. பட்டத்தின் பக்கத்தில் பாடத்தின் பெயர் இல்லை. முதல் துணைவேந்தரான வால்டர் பெர்ரி ஸ்காட்லாந்துக்காரர். பல பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் பொதுப் பட்டம் அந்த மண்ணில் நெடுங்காலமாக இருந்த வழக்கம்.

முறை இதுதான். ஒரு படிப்பை ஓராண்டு படித்துத் தேறினால் ஒரு கிரெடிட். ஆறு கிரெடிட் சேர்ந்தால் சாதாரணப் பட்டம். எட்டு சேர்ந்தால் ஆனர்ஸ் பட்டம். எந்தப் படிப்பு என்பது பெரும்பாலும் மாணவரின் விருப்பம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தொடக்கத்தில் இரண்டு அடிப்படைப் படிப்புகளில் தேற வேண்டும். ஒரு துறைக்குள் மட்டும் அடைந்து கிடக்காமல் இருப்பதற்கு அந்த ஏற்பாடு.

இன்று கணக்கு மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை. இப்போது ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது சுமார் பத்து மணி நேரப் படிப்பு. முதல் நிலையில் 120, இரண்டாம் நிலையில் 120, மூன்றாம் நிலையில் 120. வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு 60 கிரெடிட் படித்தால் ஆறு ஆண்டில் பட்டம். பாடத்தின் பெயர் தாங்கிய பட்டங்களும் பின்னாளில் வந்துவிட்டன. ஆனாலும் 'ஓபன்' என்று பெயர் தாங்கிய அந்தத் திறந்த பட்டம் இன்றும் இருக்கிறது.

இதில் மறைந்திருக்கும் நீதியை எண்ணிப் பாருங்கள். 120 கிரெடிட்டோடு நிறுத்த வேண்டி வந்தால் அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. 240 முடித்தால் ஒரு டிப்ளமோ. நடுவில் நின்றவர் 'படிப்பை விட்டவர்' ஆவதில்லை. படித்த அளவுக்கு அவர் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. பின்னாளில் விதிகளுக்கு உட்பட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி உண்டு. நம் வீட்டில் சிறுவாடு சேர்க்கிற பழக்கம் போன்றதுதான் இது. ஒரு மாதம் போடவில்லை என்பதற்காக முன்பு போட்டது மறைந்துவிடுகிறதா?

எளிதான பட்டமா?

மேஜர் இல்லை என்றால் சுலபம் என்று யாராவது நினைத்தால், அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் பி.பி.சி. தொலைக்காட்சியில் இந்தப் பாடங்கள் ஒளிபரப்பானது அதிகாலையிலும் நள்ளிரவிலும்தான். வேலைக்குப் போய்விட்டு வந்தவர்கள் அந்த நேரத்தில் விழித்திருந்து படித்தார்கள். அந்த இரவுப் பாட ஒளிபரப்பு 2006 டிசம்பர் வரை நீடித்தது. அஞ்சலில் பாடம் வரும். எழுதி அனுப்பும் கட்டுரைகளை ஆசிரியர் திருத்தி, எங்கே தவறு என்று விளக்கமாக எழுதி அனுப்புவார். பல படிப்புகளுக்குக் கோடையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். சேருவதற்கு முன்தகுதி கேட்கவில்லை. ஆனால் வெளியேறும்போது தகுதியை விட்டுக்கொடுக்கவும் இல்லை! வாசல் அகலம், படிகள் செங்குத்து.

அதோடு இன்னொரு சுமையும் உண்டு. வரலாறு மேஜர் எடுத்தவனுக்கு அடுத்து எதைப் படிப்பது என்பதைக் கல்லூரி தீர்மானித்துவிடும். மேஜர் இல்லாதவனுக்கு அவன்தான் தீர்மானிக்க வேண்டும். ஹார்வர்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிடைத்ததை எல்லாம் பொறுக்கினால் அது கதம்பக் குழம்பு ஆகிவிடும்.

சரியாகச் சேர்த்தால் எப்படி இருக்கும்? முதியோர் இல்லத்தில் பணிபுரியும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உடல்நலம், உளவியல், சமூகக் கொள்கை, கொஞ்சம் நிர்வாகம் என்று அவர் சேர்த்துப் படிக்கலாம். இந்த நான்கையும் ஒரே மேஜருக்குள் எங்கே தேடுவது? சிறு வணிகம் செய்பவருக்குக் கணக்கு, சட்டம், ஒரு அந்நிய மொழி, கணினி. வாழ்க்கை பல துறையாக இருக்கும்போது படிப்பும் பல துறையாக இருப்பதில் என்ன தவறு?

எந்தக் கதவு திறக்கும்? எது திறக்காது?

சகோதரர்களே! இனிப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. பிரிட்டனிலும் இந்தப் பட்டத்துக்கு எல்லை உண்டு. உளவியலாளராகப் பதிவு பெற வேண்டுமென்றால், அந்தத் தொழில் அமைப்பு கேட்கும் உளவியல் பாடங்களைக் கேட்ட அளவு படித்திருக்க வேண்டும். பொறியியலும் அப்படியே, மருத்துவமும் அப்படியே. தொழிலுக்கு உரிமம் தரும் அமைப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பாடத்தின் பெயர் கேட்பார்கள். "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்கும் வேலைகளுக்கு இந்தப் பட்டம் முழுமையாகச் செல்லும்.

செலவும் ஒரு கதவுதான். 2012இல் இங்கிலாந்தில் கல்விக் கட்டணம் பெரிதும் உயர்ந்தது. அதன் பிறகு பகுதிநேரமாகப் படிப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. சட்டம் திறந்து வைத்த கதவைக் கட்டணம் சாத்தியது. யாருக்காக ஜென்னி லீ போராடினாரோ, அவர்கள்தான் முதலில் வெளியே நின்றார்கள்.

நம் நாட்டுக்கு வந்தபோது

இந்தத் திறந்தநிலை முறை கடல் தாண்டியும் வந்தது. இலங்கையில் 1980இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. இந்தியாவில் முதலாவது 1982இல் ஆந்திராவில் தொடங்கியது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் இக்னோ என்று சொல்வது, பிறந்தபோது அதன் முதல் துணைவேந்தரும் அவரே. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது.

இக்னோவில் ஒரு பாடத்தின் பெயர் தாங்கிய பி.ஏ.யும் உண்டு, பொது பி.ஏ.யும் உண்டு. பொது பி.ஏ.யில் ஒரே ஒரு மேஜர் என்பது இல்லை. துறைகளைச் சேர்த்துப் படிக்கலாம். பிரிட்டன் அளவுக்கு முழுச் சுதந்திரம் இல்லை என்றாலும் விதை அதே விதைதான். கிரெடிட் கணக்கு மட்டும் வேறு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆகவே அங்கே 360, இங்கே குறைவு என்று எண்களை வைத்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

ஆனால் விதை வந்த அளவுக்கு விதிகள் இங்கே நெகிழவில்லை. 2009இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணை ஒன்றை நீங்கள் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்பது அந்த ஆணை. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும், இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் நான் சொன்ன சகோதரர் மோதி விழுந்த சுவர் இதுதான். இரவெல்லாம் படித்த அவருக்கு, பிளஸ் டூவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியைச் சொல்ல ஆளில்லாமல் போனதே!

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2021இல் மத்திய அரசு கல்விக் கிரெடிட் வங்கி ஒன்றை ஏற்படுத்தியது. அதில் சேர்ந்திருக்கும் நிறுவனத்தில் நீங்கள் பெறும் கிரெடிட் உங்கள் பெயரில் பதிவாகும். ஒரு நிறுவனத்தில் பாதியில் நின்றவர், விதிகள் இடம் தருமானால் இன்னொன்றில் அதைக் காட்டித் தொடரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: பட்டம் வாங்கி எங்கே காட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஐ.ஏ.எஸ். முதலான குடிமைப் பணித் தேர்வுக்கும், பெரும்பாலான வங்கி அதிகாரித் தேர்வுகளுக்கும் ஏற்புடைய ஏதேனும் ஒரு பட்டம் போதும். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அப்படி அல்ல. எந்தப் பாடத்தைக் கற்பிக்கப் போகிறீர்களோ அந்தப் பாடத்தில் பட்டம் கேட்பார்கள். பொதுப் பட்டத்தோடு அங்கே போய் நிற்காதீர்கள்.

இரண்டு: பிளஸ் டூ முடிக்காதவர்கள் முதலில் தனித்தேர்வராக எழுதித் தேறுங்கள். அதன் பிறகே பட்டத்தில் சேருங்கள். இந்த வரிசை மிக முக்கியம்.

மூன்று: நீங்கள் சேரும் நிறுவனத்துக்கும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும், அந்த ஆண்டுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று அதன் அதிகாரபூர்வப் பட்டியலில் பாருங்கள். படிப்பு மையத்துக்காரர் வாயால் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால், இந்தியாவில் அதற்கு இணைச்சான்று கிடைக்குமா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நான்கு: பாதியில் நின்றவர்கள் பழைய மதிப்பெண் பட்டியல்களைத் தேடி எடுங்கள். தேறிய தாள்கள் எத்தனை, அவற்றை எந்த நிறுவனம் ஏற்கும் என்று விசாரியுங்கள். இழந்துவிட்டோம் என்று நினைத்ததில் ஒரு பகுதி மீளக்கூடும்.

ஐந்து: பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு தாளை எடுத்து, "இந்தப் பாடங்களை ஏன் ஒன்றாகப் படித்தாய்?" என்று நாளை ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று நான்கு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் சேருங்கள். எழுத முடியாவிட்டால் இன்னும் யோசியுங்கள். பட்டத்தில் பாடத்தின் பெயர் இல்லாதவருக்கு அந்த நான்கு வரிதான் மேஜர்.

பெற்றோர்களே! பிள்ளை தடுமாறினால், "ஒரு மேஜரையே முடிக்கத் தெரியாதவன்" என்று பட்டம் சூட்டாதீர்கள். கணவன்மார்களே! மனைவி விட்ட படிப்பைத் தொடர விரும்பினால், வீட்டு வேலையில் தினம் இரண்டு மணி நேரத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்: உங்கள் படிப்பு முறிந்துவிடவில்லை, நின்றிருக்கிறது. இன்று இரவே பீரோவைத் திறந்து அந்தப் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து மேசை மேல் வையுங்கள். நாளை காலை அதை யாரிடம் காட்டிக் கேட்பது என்று தொடங்குங்கள்.